உறவுமுறை: பொருந்தாது

நடத்தைக் கைந்நூல், பதினோராம் பக்கம்:
பணியாளர் பரிசு வாங்கக்கூடாது.
இளநீர் பரிசோ என்று
பயிற்சியில் கேட்டது சாரதி கொன்ஸி.
ஹெல்கா சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள்.
ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து பதில் வந்தது:
வெட்டிய இளநீர் விருந்தோம்பல்,
வெட்டாத குலை பரிசு.

எங்கள் வாகனக் கதவில் ஒரு துவக்குப் படம்,
அதன் குறுக்கே சிவப்புக் கோடு.
மாங்குளம் வெயிலில் கோடு வெளிறிப்போய்
இப்போது துவக்கு மட்டும் தெரிகிறது.
புது ஒட்டிக்கு எழுதிப்போட்டிருக்கிறோம்.

இன்று ஒட்டுசுட்டானுக்கு உள்ளே,
காட்டோரம்.
அறுபத்திரண்டு விண்ணப்பம், பதினெட்டு வீடு.
தலைவி பெண் என்றால் ஐந்து புள்ளி.
காலோ கையோ இல்லாதவர் இருந்தால் ஐந்து.
காணாமற்போனவருக்குப் புள்ளி இல்லை,
அவரை எந்தப் பக்கம் கூட்டுவது என்று
படிவத்துக்குத் தெரியாதபடியால்.

நாற்பத்தோராவது வளவு.
கந்தப்பு மங்களரூபி.
பெயரை வாசித்தபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை,
அந்தக் குழிக்குள் நாங்கள் முழுப்பெயர் சொல்லிக்கொள்ளவில்லை.
தறப்பாளை விலக்கி வெளியே வந்தா.
அவதான்.

மாத்தளன் மணலில், மாசியில்,
கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்தவ.
ஓடிக்கொண்டிருந்த என்னை
மயிரில் பிடித்து உள்ளே இழுத்தவ.
பதினாறு நாள்.
ஒரு சுண்டு அரிசி, ஏழு பேர்.
அவவின் முழங்கால் என் நெஞ்சிலும்
என் முதுகு வேறு யாரோவின் வயிற்றிலும்.

அவ என்னைப் பார்த்தா.
என் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தா.
பின்னால் நிற்கும் ஹெல்காவைப் பார்த்தா.
"வாங்கோ மிஸ்," என்றா,
"உங்கட பேர் என்ன மிஸ்?"

சொன்னேன்.
முதன்முதல் கேட்பவபோலத் தலையாட்டினா.

பிரிவு நான்கு.
விண்ணப்பதாரிக்கும் நேர்காண்பவருக்கும் உறவுமுறை:
வாழ்க்கைத்துணை, பெற்றார், பிள்ளை, உடன்பிறப்பு,
ஏனைய இரத்த உறவு.
கடைசிப் பெட்டி, பொருந்தாது.
பேனையை எல்லாப் பெட்டிக்கு மேலும் கொண்டுபோனேன்.
ஒரு மூச்சுக்காற்றை ஏழாகப் பிரித்தவர்கள்
எந்தப் பெட்டி?

கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சுவர்.
மூன்றடி, மண்சுவர்,
விரல் பதிந்த தடம் காயாமல் கிடக்கிறது.
அரைச்சுவர் இருந்தால் ஒரு புள்ளி குறையும்.
குறைத்தால் இருபத்துமூன்று.
வெட்டுப்புள்ளி இருபத்துநான்கு.
ஹெல்கா படம் எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள்.
நான் சுவரைப் பார்க்காமல் நின்றேன்.

"அதையும் எழுதுங்கோ மிஸ்,"
மெல்லத்தான் சொன்னா,
"பிறகு உங்களுக்குக் கரைச்சல் வரும்."

கைந்நூலில் எனக்குத்தான் நடத்தை விதி.
அவவுக்கு ஒருவரும் பயிற்சி கொடுக்கவில்லை.

போகும்போது செம்பில் தண்ணீர் தந்தா.
"பச்சைத்தண்ணிக்கும் சட்டம் இருக்கோ?"
அப்போதுதான் சிரித்தா, பாதி.
அந்தப் பாதி எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் ஹெல்காவிடம் சொன்னேன்.
இந்தப் படிவத்தை வேறொருவர் செய்யட்டும்.
என்ன முறை என்று கேட்டாள்.
அவளுடைய மொழியிலும் தேடினேன், என்னுடையதிலும் தேடினேன்.
ஒரே கிடங்குக்குள் இருந்தோம் என்றேன்.
அவள் கைந்நூலை எடுத்து
மாங்குளம் சந்திவரை பக்கம் புரட்டினாள்.
கொன்ஸி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு
வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

பரிசுப் பதிவேட்டில் எழுதினேன்:
தண்ணீர், ஒரு செம்பு.
மதிப்பு என்ற நிரலை
இன்னும் நிரப்பவில்லை.

திங்கட்கிழமை சுகிர்தன் போய்வந்தான்.
அவனுக்கும் இருபத்துமூன்று.
சுவர் இப்போது நாலரை அடி என்று
ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தான்.